இருபது நிமிட இருக்கை

2041 மே 6, திருச்சி. பேருந்து நிலையத்தின் கான்கிரீட் இருக்கைகளில் ஒருவர் நாளொன்றுக்கு இருபது நிமிடம் உட்காரலாம்.

அவற்றை வடிவமைத்த ஸ்டெல்லா முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் முடிந்ததும் இருக்கை முன்னே சரிந்து அவளை எழுப்பிவிட்டது. கால் மடங்காததால் தரையிலும் உட்கார முடியாது.

“பக்கத்து சீட்டுல உக்காரு,” என்றார் கணவர் சவரிமுத்து.

“எந்த சீட்டும் ஆளைக் கண்டுபிடிச்சிடும்ங்க. மாறி மாறி உக்காந்து ஏமாத்துறாங்கன்னு நான்தான் அப்படிச் செஞ்சேன்.”

“என் நேரம் அப்படியே இருக்கு. என் மடியில உக்காரு. யாரு கேக்கப்போறா?”

“ரெண்டு ஆள் கனம் ஏறினா உடனே சரியும்.”

“அதையுமா யோசிச்ச, மகராசி?”

“அதுக்குத்தான் விருதே கொடுத்தாங்க.”

பேருந்து வர ஐம்பது நிமிடம் ஆனது. அதுவரை அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரும் உட்காரவில்லை. பன்னிரண்டு இருக்கைகளும் காலியாக இருந்தன.