நேர்ந்துவிட்ட கிடா

அய்யலூர்ச் சந்தை கலைந்து நெடுநேரமாகிறது. மிதிபட்ட புழுக்கையும் உதிர்ந்த அகத்திக் குழையும் வெயிலில் காய்ந்து கிடக்கின்றன. புளியமரத்தடியில் சேதுபதி கறுப்புக் கிடாயைப் பிடித்தபடி நிற்கிறார். மகள் இசைவாணி காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தெழுந்தால் வெட்டுவதாகக் கருப்பசாமிக்கு நேர்ந்து, அடையாளத்துக்குக் காதைக் கீறிவிட்ட கிடா அது. பிள்ளை எழவில்லை. காரியமும் முடிந்துவிட்டது. கடைசியாக மிஞ்சியிருக்கும் வியாபாரி, விலை பேசத் துண்டைப் போர்த்தி அவர் விரலைப் பிடிக்கிறான். மறுகையால் கிடாயின் காதைத் தடவியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறான். "சாமி கிடாயாண்ணே? இதை எவன் வாங்குவான்? கோயில்லயே கொண்டுபோயி விட்டுருங்க." சேதுபதி கயிற்றைப் பார்க்கிறார். "என்னத்தக் குடுத்துச்சுன்னு அங்க கொண்டுபோயி விட, அப்பு?" வியாபாரி வண்டியேறிப் போகிறான்.

சட்டைப்பையில் செல்போன் அடிக்கிறது. அவர் மனைவி ராக்கம்மாள். "இது கத்துறதக் கேட்டுக்கிட்டு என்னால வீட்ல இருக்க முடியாது, எங்கயாச்சும் தள்ளிவிட்டுட்டு வாங்க" என்று காலையில் கயிற்றை அவர் கையில் திணித்தவள் அவள்தான்.

"வித்தாச்சா?"

"வித்தாச்சு."

மரத்தின் நிழல் நீண்டு ரோட்டைத் தொடுகிறது. இந்நேரம்தான் இசைவாணி சீருடையைக்கூட மாற்றாமல் குழை ஒடித்துக்கொண்டு தொழுவத்துக்கு ஓடிவருவாள்; அவள் வருமுன்னே கிடா கத்தத் தொடங்கிவிடும். கிடா வீடிருக்கும் வடமதுரைப் பக்கம் கழுத்தை நீட்டிக் கத்துகிறது. சேதுபதி பதறி அதன் வாயைப் பொத்துகிறார். போன் இன்னும் காதில்தான் இருக்கிறது.

"பள்ளிக்கூடம் விட்டாச்சு போல" என்கிறாள் ராக்கம்மாள்.