கடல் வராமலே கத்திய அலாரம்

கடல் ஏறி வந்தால் கத்தவேண்டிய அலாரம் மூன்றாவது முறையும் பொய்யாகக் கத்திவிட்டது. அந்தத் தீவில், ஹட் பே பஜார் முழுக்க அதே பேச்சு. விஜயன் தன் செல்போன் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு, ஒச்சப்பன் வீட்டு வாசலில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

கருவி அவன் செய்ததுதான். தண்ணீர் பட்டால் உணரும் தகடு ஒரு பாகம், பேட்டரி ஒரு பாகம், கத்துகிற பஸ்ஸர் ஒரு பாகம். சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்து ஒன்றோடொன்று சொருகினால் சோலி முடிந்தது. தகடு ஒச்சப்பன் வாசலுக்கு வெளியே கடல் பக்கம், பஸ்ஸர் வீட்டுக்குள்ளே.

கடல் அது பாட்டுக்கு அதன் இடத்தில் கிடக்க, இது மட்டும் கத்தினால் எவன் நம்புவான்? எங்களுக்கும் ஒன்று மாட்டு என்று கேட்டிருந்த பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் இப்போது விஜயனைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். இன்றைக்குள் சரியாகாவிட்டால் கழற்றிக் கடலில் வீசிவிடுவேன் என்று ஒச்சப்பனும் சொல்லியனுப்பியிருந்தார்.

"நான் தோட்டத்துக்குப் போனா வாயத் தொறக்க மாட்டேங்குது தம்பி. சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்தா போதும், கத்துது" என்றார் ஒச்சப்பன். "மூணு தடவை இவ கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடியிருக்கேன். முட்டி கழண்டு போச்சு."

அவர் மனைவி ரெங்கம்மா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "முட்டிக்குத் தைலம் இருக்குன்னு சொல்லு தம்பி" என்றாள் விஜயனிடம். ஒச்சப்பன் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

"அண்ணே, தைலம் இருக்காம்" என்றான் விஜயன்.

இது ஊருக்கே தெரிந்த சங்கதி. சுனாமியன்று ஒச்சப்பன் பதறிப்போய்த் தனியாக மேட்டுக்கு ஓடிவிட்டார். அடுப்படியில் இருந்த ரெங்கம்மாவைப் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர்தான் இழுத்து வந்து சேர்த்தார். அன்றிலிருந்து எட்டு வருஷமாக அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் மூன்றாம் ஆள் வழியாகத்தான். இன்றைக்கு அந்த மூன்றாம் ஆள் விஜயன், அவன் தலையெழுத்து.

அந்தக் குற்ற உணர்ச்சி ஒச்சப்பனை அரித்துக்கொண்டே இருந்தது. போன ஏப்ரலில் நிலம் ஆடிய மறுநாளே கடைக்கு வந்து அலாரம் கேட்டார்.

விஜயன் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். விளிம்பில் இன்னும் ஈரம் இருந்தது. விரலை நாக்கில் வைத்தான், உப்புக் கரிக்கவில்லை.

"கடல் தண்ணி இல்லண்ணே. மழைத் தண்ணிதான்."

"பாரிஷா? மழையே இல்ல, மூணு நாளா வெயில் மண்டையப் பொளக்குது."

"நம்ம தீவுல மழை சொல்லிட்டா வருது? நீங்க தூங்கறப்ப ஒரு தூத்தல் போட்டுட்டுப் போயிருக்கும். தகட்டுக்கு நாலு சொட்டு போதும்."

ரெங்கம்மா வானத்தைப் பார்த்தாள்.

விஜயன் தகட்டைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அதன் மேல் கவிழ்த்து, நான்கு திருகாணி போட்டு முடுக்கினான். பக்கவாட்டில் கீழ் விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்னத் துளைகள் போட்டான். மேலேயிருந்து விழுந்தால் தண்ணீர் தகட்டைத் தொடாது, கீழேயிருந்து ஏறி வந்தால் தொடும்.

ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டினான். சத்தமே இல்லை. பிறகு டப்பாவைச் சுற்றி மண்ணால் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினான். துளை வரை ஏறியதும் உள்ளே பஸ்ஸர் அலறியது. ஒச்சப்பனின் கை தன்னையறியாமல் கதவோரம் நின்ற ரெங்கம்மா பக்கம் நீண்டு, பிறகு அசட்டுத்தனமாகக் கீழே இறங்கியது.

"டீக் ஹை, சரியாயிருச்சு. இனிமே கத்தினா நிஜம்தான்" என்றார். "நானே போய் அந்தப் பன்னிரண்டு வீட்டுலயும் சொல்றேன்." சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

விஜயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையைக் கட்டினான். ரெங்கம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். புருஷன் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றவள், அப்புறம் விஜயன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, டப்பா மேல ஒரு ஓட்டை போட்டுட்டுப் போ. நான் ஊத்துற சொம்புத் தண்ணி உள்ள எறங்கணும்."