பெரியவருக்கு ஓர் ஒப்பனை

"அசையாம இருங்க பெரியவரே, மூக்குப் பக்கம் மட்டும்தான் பாக்கி!"

சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த மனைவி, புருவத்துக்குத் தீட்டும் கறுப்பு மையைத் தூரிகையில் தொட்டுக் கிழட்டு நாயின் வெளுத்த முகவாயில் பூசிக்கொண்டிருந்தாள். நாய் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக முகத்தைக் காட்டியது.

"இதெல்லாம் தேவையா?" என்றார் கணவர், மடிக்கணினியை மேசைமேல் வைத்தபடி.

"இத்தனை வருஷமா பார்லர் நடத்துறேன். மூஞ்சியில பத்து வயசைக் குறைக்கிறது எனக்குப் புதுசா? உங்க மீசையும் என் கைவேலைதான், மறந்துடாதீங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பொதுவாகவே அதிகம் பேச மாட்டார். மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் "மூச்சை அடக்குங்க", "விடுங்க" என்பதோடு அவருடைய பகல் பேச்சு முடிந்துவிடும்.

வெளிநாட்டு நாய்க் காப்பகம் ஒன்றின் இணையப் பக்கத்தில் அவர்கள் பார்த்துப் பிடித்துப்போய் வளர்க்கக் கேட்டது போலோ என்ற நாயை. கரி போன்ற முகம், விறைத்த காதுகள், படத்தைவிட்டுப் பாய்ந்துவிடுகிற பார்வை. விமானத்தில் வந்த கூண்டைத் திறந்தபோதோ, நரைத்த முகமும் தொங்கிய காதுமாக ஒரு கிழம் மெல்ல இறங்கி வந்து, அவர் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. "போலோ" என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட வந்த தாள்கள் அந்த ஊர் எழுத்தில் இருந்தன. கூண்டு மாறிவிட்டது என்று இருவரும் முடிவு கட்டினார்கள்.

மறுநாள் காப்பகத்துக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார்கள். அந்த மறுநாள் வரவே இல்லை.

வேலை முடிந்து வந்தால் அவர் ஜன்னலோரம் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். "என்ன யோசனை?" என்று மனைவி கேட்பாள். சொல்ல ஒன்றும் இருக்காது. நாய் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் பார்க்கும் தெருவையே அதுவும் பார்த்தது. சில சமயம் இருவருக்கும் ஒரே நேரத்தில் பெருமூச்சு வரும். தன் மௌனத்துக்குள் இன்னொருவர் உட்கார இடம் இருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் நாய் போய்ச் சேர்ந்த வீட்டில் அதை ஒருமுறை வீடியோவில் பார்த்தாக வேண்டும் என்பது காப்பகத்தின் விதி. காப்பகத்துப் பெண்மணியே ஏனோ இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். இவர்களும் தப்பித்தோம் என்றிருந்தார்கள். இன்று தப்ப வழியில்லை. தெரிந்தால் இதைத் திருப்பிக் கேட்பார்கள்.

"வேற யாரோ இவரைத்தான் கேட்டுட்டு, வழி பார்த்துட்டு இருந்தா?" என்றார் அவர் மெல்ல.

தூரிகை நின்றது. "நல்ல நேரத்துல இதைக் கிளப்பாதீங்க" என்றாள் மனைவி.

மடிக்கணினி ஒலித்தது.

திரையில் வந்த பெண்மணியின் முகமும் தூங்காத முகமாகத்தான் இருந்தது. இரு தரப்புக்கும் பாதி பாதி தெரிந்த ஒரு பொது மொழியில் பேச்சு தொடங்கியது.

"நல்லா இருக்கானா?"

"ராஜா மாதிரி இருக்கான்!" மனைவி முந்திக்கொண்டாள்.

"பார்க்கலாமா?"

மனைவி நாயை வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். "சின்ன வயசு பாருங்க. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறான்."

ஒரு இடத்தில் நிற்காதவன் நீளமாகக் கொட்டாவி விட்டான். பிறகு ஒரு தும்மல். முகவாயை அவள் கையில் தேய்த்துக்கொண்டான். வெள்ளைச் சட்டைக் கையில் கறுப்பாக ஒரு தீற்று.

திரையில் சத்தமே இல்லை. கணவர் மௌனத்தில் ஊறிய மனிதர்தான், ஆனால் இந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"சொல்லிடறேம்மா. நாங்க கேட்டது போலோவை. உங்க பக்கம் கூண்டு மாறி இவர் வந்துட்டார். தெரிஞ்சும் மறைச்சது எங்க தப்பு. தயவு செஞ்சு இவரைத் திருப்பிக் கேக்காதீங்க. போலோ வாலிபன், அவனுக்கு ஆயிரம் வீடு கிடைக்கும். இந்த வயசுல இவரை யாரும்மா கேட்டு வருவாங்க? இவர் போயிட்டா அந்த ஜன்னல்கிட்ட என்னால உக்கார முடியாது."

கணவர் இவ்வளவு பேசி மனைவி கேட்டதே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

திரையில் அந்தப் பெண்மணி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அந்த மையைத் துடைச்சுடாதீங்க. இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்றாள். பிறகு, "இந்த முகத்தைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!"

இருவரும் விழித்தார்கள்.

"ஏமாத்திட்டேன்னு திட்டித் திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு பயந்துதான் சார் நான் தள்ளித் தள்ளிப் போட்டேன். நரைச்ச படம் போட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு, அவன் எங்ககிட்ட வந்த புதுசுல எடுத்த படத்தையே விட்டு வெச்சிருந்தேன். கூண்டெல்லாம் மாறல. காதுதான் போயிடுச்சு அவனுக்கு. வலது காதுல மட்டும் கொஞ்சம் கேக்கும், ரொம்பக் கிட்டப் போய்க் கூப்பிட்டுப் பாருங்க."

அவர் தரையில் மண்டியிட்டு, தொங்கிய அந்த வலது காதை மெல்லத் தூக்கி, "போலோ" என்றார்.

வால் தரையில் தட்டத் தொடங்கி, நிற்கவே இல்லை.