மூன்றாம் மாடி மூக்கு

கடைக்குக் கிளம்பிய தையல்காரி, தெருவைக் கடந்து ஏதோ நினைப்பில் திரும்பிப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் குடியிருக்கும் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க ஒரு பெண்ணின் முகம். நான்கு நாளாக யாரோ வரைகிறார்கள் என்று தெரியும். மூக்கும் முழியுமாக நன்றாகத்தான் வந்திருந்தது.

அந்த மூக்குதான் வம்பு.

மூன்றாம் மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னல்கள். இடது ஜன்னல் அவள் வீட்டுச் சமையலறை. அது மிகச் சரியாக ஒரு மூக்குத் துவாரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

காலையில் அதில் ஒரு பச்சைத் துண்டை வேறு காயப்போட்டிருந்தாள். காற்றடிக்கும்போதெல்லாம் அது உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்ற கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு போய், சுவரை ஒட்டிக் கட்டியிருந்த சாரத்தின் கீழே நின்றாள்.

"ஏம்மா, என் மானம் கப்பலேறுது! அந்த மூக்கைக் கொஞ்சம் மேல தூக்கு."

வரைகிற பெண் குனிந்து பார்த்தாள். "இது என்ன சட்டையாம்மா, பிடிச்சுத் தூக்க? சரி, தூக்குறேன். பக்கத்து ஜன்னல்தான் இன்னொரு துவாரம். அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க."

தையல்காரி பக்கத்து ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்குப் பதில், காலம் முழுக்க மூக்குக்குள்ளேயே குடியிருந்துவிடலாம் என்று தோன்றியது.

அதற்குள் வலது ஜன்னல் படாரென்று திறந்தது. மாவு அப்பிய கையோடு ஒருத்தி எட்டிப் பார்த்தாள். கீழே நடந்த பேச்சு அவ்வளவும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அக்கா! இது ஒரு தும்மல் போட்டுச்சுன்னா நாம ரெண்டு பேருமே தெருவுலதான்!"

தையல்காரி முகத்தை இறுக்கிக்கொள்ளத்தான் பார்த்தாள். முடியவில்லை. சாரத்தின் கம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

வரைகிற பெண் தூரிகையோடு காத்திருந்தாள். "என்னம்மா, தூக்கவா வேணாமா?"

"இருக்கட்டும் விடு."

பக்கத்து வீட்டிலேயே இருந்தும், கூடப்பிறந்தவள் அவளை அக்கா என்று கூப்பிட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மா இறந்த அன்றுகூடக் கூப்பிடவில்லை.