எதிர்க்கட்சி

புதுத் துகள் ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக இயற்பியல் பரிசு அறிவித்த மறுநாள் காலையிலேயே நிருபர் பேராசிரியையின் வீட்டுக்கு வந்துவிட்டார். பாராட்டு எல்லாப் பத்திரிகையிலும் வரும். அவருக்கு வேண்டியது ஒரு சண்டை.

"அந்தப் புதுத் துகள் கிடையவே கிடையாதுன்னு யாராவது சாதிச்சாங்களா, மேடம்?"

"ஒருத்தர் இருந்தாரு. வேற ஆராய்ச்சிக் கூடம். நான் பேசுற கூட்டத்துல எல்லாம் முன்வரிசையில உட்கார்ந்து கேள்வி கேட்டே உயிரை வாங்குவாரு. 'அது துகள் இல்ல, உங்க கருவியோட சூடு'ன்னுவாரு."

"பொறாமையா?"

"அப்படி நினைச்சுத்தான் நானும் அழுதேன். அப்புறம் வீம்புக்குக் கருவியைப் பிரிச்சுப் பார்த்தா, அவர் சொன்னதுதான் சரி. கருவியை இன்னும் குளிர வச்சு, முதல்லேர்ந்து அளந்தோம். அப்பதான் நிஜமான துகள் சிக்குச்சு."

நிருபருக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது. "அவர் நம்பர் கிடைக்குமா? இப்ப என்ன சொல்றாருன்னு கேட்கணும்."

"நம்பர் எதுக்கு?" என்ற பேராசிரியை சமையலறைப் பக்கம் திரும்பினார். "என்னங்க, அடுப்பை அணைச்சிட்டு வாங்க. உங்ககிட்டதான் பேசணுமாம்."

கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், நிருபரைப் பார்த்துச் சிரித்தார். "துகள் இருக்கு, ஒத்துக்கிட்டேன்" என்றவர், மனைவி பக்கம் திரும்பினார். "ஆனா அதோட எடையில இன்னும் ஒரு சந்தேகம்."

"எங்கே, சொல்லுங்க" என்று பேராசிரியை நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். நிருபர் அங்கே இருப்பதையே இருவரும் மறந்துபோனார்கள்.