வேடுக்கு ஒரு மாற்று

"தடுப்புக்கு ஆள் இல்லாம டீமே தவிக்குது, இவங்க போய் இன்னொரு குவார்ட்டர்பேக்கையா எடுப்பாங்க? பந்தை எறியத்தான் வேட் இருக்கானே!" ஸ்டான் மேஜையில் குத்தினான். அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதை டிவியில் காட்டிய நாள் அது; ஒஹாயோவின் அந்தச் சிறிய ஓட்டலில் மதியம் முழுக்க அதே பேச்சுதான்.

"வேடுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றான் லென்னி.

"அவன் இரும்புடா! போன டிசம்பர்ல ஹெல்மெட்டோட ஹெல்மெட் மோதி மல்லாந்து விழுந்தான். ரெண்டே நிமிஷத்துல எழுந்து ஆடி ஜெயிச்சுக் கொடுக்கலையா? 'ஆடு, ஆடு'ன்னு தொண்டை கிழியக் கத்தினோமே!"

கதவு திறந்தது. சாட்சாத் வேடே வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்தான்.

"தலைவா, டீம் பண்ணின கூத்தைப் பார்த்தீங்களா?" என்றான் ஸ்டான்.

"நான் டிவியே பார்க்கல. யாரை எடுத்தாங்க?"

"கோல்பின்னு ஒரு காலேஜ் பையன். உங்களுக்கு மாற்றாம்!"

வேட் சிரித்தான். "எனக்கா? இன்னும் அஞ்சு வருஷம் நான்தான் ஆடுவேன்."

"அப்படிப் போடுங்க!" ஓட்டலே கைதட்டியது.

வேட் பர்கரைத் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஸ்டானைப் பார்த்தான்.

"ஆமா, நம்ம டீம்ல யாரை எடுத்தாங்க?"

ஸ்டான் வாய்விட்டுச் சிரித்தான். வேட் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தான்.

லென்னி தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டான் சிரிப்பை நிறுத்தினான்.

"கோல்பின்னு... ஒரு காலேஜ் பையன் தலைவா. உங்களுக்கு மாற்றாம்."

"எனக்கா? இன்னும் அஞ்சு வருஷம் நான்தான் ஆடுவேன்."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

"வேணாம் தலைவா," என்றான் ஸ்டான். "அந்தப் பையனே ஆடட்டும்."