சத்தம் போடக் கூடாத இடம்

போன் அடித்ததும் யோகேஸ்வரி எழுந்து, உறுமிக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

உறுமி நின்றது.

அவள் கணவர் ஜெயபாலன் கூடத்தின் நடுவே பெட்டியில் கிடந்தார். ஐந்து மணிக்கு எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் படிக்கும் ஒரே மகன் ரூபேந்திரனுக்கு மட்டும் விஷயம் தெரியாது. தெரியவும் கூடாது. மறுநாள் அவனுக்குக் கடைசிப் பரீட்சை. போன வருஷம் கோட்டை விட்டான். இந்தத் தடவையும் விட்டால் பட்டம் கிடையாது.

முந்தின நாளிலிருந்தே வாசலில் நின்று, வந்தவர்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். ஃபேஸ்புக்கில் போடக் கூடாது. வாட்சப்பில் போடக் கூடாது. மலேசியாவிலேயே வாய் மூடாத பெர்மாஸ் ஜெயாவில், அதுவும் எங்கள் லோரோங் சந்தில் இதைக் கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டே நாங்களும் தலையாட்டினோம்.

போனை எடுக்காவிட்டால் பையனுக்குச் சந்தேகம் வந்துவிடும். இங்கே நாலு மணி ஆனால், அங்கே நூலகம் திறந்து உள்ளே போனதும் வீடியோவில் கூப்பிடுகிறவன்.

அந்த நூலகம் ஐந்நூறு வருஷத்துக் கட்டடம் என்பது எங்கள் லோரோங் பூனைகளுக்குக்கூடத் தெரியும். சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டிய ஜெயபாலன், அதற்குத் தானே கல் சுமந்த மாதிரி பேசுவார்.

யோகேஸ்வரி அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பின்னால் எதுவும் தெரியாதபடி போனைப் பிடிக்கிற வேலை அடுத்த வீட்டிலிருக்கும் எனக்கு.

ஜெயபாலனின் தங்கச்சி பேச்சியம்மாள் மட்டும் ஒப்பாரியைப் பாதியில் விட மனசில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். மெர்சிங்கிலிருந்து அதற்காகத்தானே வந்திருந்தாள்.

"பேச்சி, வாயைப் பொத்து. பிள்ளை படிக்கணும்."

இரண்டு பெண்கள் அவளை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய், அவள் முந்தானையையே சுருட்டி வாயில் வைத்து அழுத்தினார்கள்.

நான் பச்சைப் பட்டனைத் தொட்டேன்.

ரூபேந்திரன் கிசுகிசுப்பாகப் பேசினான். நூலகத்தில் சத்தம் போடக் கூடாதாம். எங்களைப் பார்த்திருந்தால் அவனே மெச்சியிருப்பான். வாசல் கூடாரத்துக்கு அடியில் அத்தனை பேர் இருந்தும் ஓர் இருமல் இல்லை.

அவன் தன் முகத்தைக் காட்டவில்லை. நூலகத்தைக் காட்டினான். நடுவில் பள்ளம் விழுந்த கல் படிகள். கூரை வரைக்கும் புத்தகம். எட்டி எடுக்க ஏணி. வர்ணக் கண்ணாடி ஜன்னல், அதற்குக் கீழே அவன் உட்கார்ந்து படிக்கிற மேசை. இத்தனைக்கும் தூசி தட்டுவது யார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா எங்கம்மா?"

"தூங்குறாருடா. நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்தாரு."

படம் ஜன்னலிலேயே நின்றது. நெட் போய்விட்டதோ என்று போனை லேசாகத் தட்டிப் பார்த்தேன்.

"எழுப்ப வேணாம்மா. போனை மட்டும் பக்கத்துல கொண்டு போங்க. முகத்தைப் பாத்துட்டு வச்சிடுறேன்."

பெட்டியை இன்னும் மூடவில்லை. நான் எழுந்து கதவைத் திறந்தால் கூடம். நான் யோகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வேணாம்டா. வெளிச்சம் பட்டா முழிச்சுக்குவாரு."

"ஒரு நிமிஷம்தாம்மா."

"போய்ப் படிக்கிற வேலையைப் பாரு லா."

அவன் சரி என்றான். ஆனால் வைக்கவில்லை. அவளுக்கும் வைக்க மனசில்லை.

"எங்க, உன் மூஞ்சியைக் காட்டு. ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையான்னு பாக்குறேன்."

"இங்க இருட்டா இருக்கும்மா."

"காட்டுடா."

புத்தகங்கள் சுழன்றன. பிறகு அவன் முகம் வந்தது.

மீசை இல்லை.

அரும்பிய நாளிலிருந்து அப்பாவைப் போலவே கத்தரித்து வைத்திருந்த மீசை. அது இருந்த இடத்தில் பிளேடு பட்ட சிவப்பு. தலையாட்டியவர்களில் யாருக்கோ கை அரித்திருக்கிறது.

"மீசை எங்கடா?"

"சும்மாதாம்மா. ஒரு மாத்தத்துக்கு."

யோகேஸ்வரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்தால் தாங்கலாம் என்று ஒரு கையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் சாயவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒழுங்கா எழுது."

அவளே சிவப்புப் பட்டனை அழுத்தினாள்.

கதவைத் திறந்தாள். உறுமி மறுபடி தொடங்கியது. அடுப்படியில் பேச்சியம்மாளை விட்டார்கள். அவளுக்கு ஒப்பாரி வரவில்லை, வாந்திதான் வந்தது.

"பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலைல்ல?" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"தெரியாது," என்றாள் யோகேஸ்வரி.

பின்வாசல் குழாயடியில் ஜெயபாலனின் தம்பி அர்ச்சுனன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகன் இல்லாததால் கொள்ளி வைக்கப் போவது அவர்தான். மீசையில் சோப்பு நுரை. முடிவெட்டுபவர் கத்தியைத் திறந்து கிட்டே போனார்.

யோகேஸ்வரி கத்தி பிடித்த கையைத் தடுத்தாள்.

"மகன் இடத்துல யாராச்சும் மீசையை எடுத்துத்தானே ஆகணும் அண்ணி?" என்றார் அர்ச்சுனன்.

"எடுத்தாச்சு," என்றாள்.

பிறகு உள்ளே வந்து, பெட்டியை மூடச் சொன்னாள்.